ஏழாம் எண்காரருக்கு ஒரு ஊர் செய்த மரியாதை

2024 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. லீட்ஸ் ரைனோஸ் ரக்பி அணியின் முன்னாள் வீரர் ராப் பரோ இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. வயது 41. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் அடுத்த சில வாரங்களுக்கு எங்கே போனாலும் அதுதான் பேச்சு. பஸ்ஸில், முடிவெட்டும் கடையில், குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும் பெற்றோர் நடுவில், எல்லா இடத்திலும்.

அவர் மைதானத்தில் ஆடி நான் நேரில் பார்த்ததில்லை. 2017-ல் ஓய்வு பெற்றுவிட்டார், நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் பக்கத்து வீட்டுத் தம்பதி லீட்ஸ் ரைனோஸ் அணியின் பரம்பரை ரசிகர்கள். வருஷா வருஷம் சீசன் டிக்கெட் வாங்குபவர்கள். அந்தப் பெரியவர்தான் என்னை முதலில் மைதானத்துக்கு இழுத்துப் போனார். அவர்கள் வழியாகத்தான் பரோ எனக்கு அறிமுகம். அவர் நோயில் விழுந்ததிலிருந்து மறைந்ததுவரை ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சிலதில் நானும் போய் நின்றேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். நாம் பொதுவாக ரக்பி என்று சொல்வதில் இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. யூனியனில் அணிக்கு 15 பேர், லீகில் 13 பேர். பிரிந்தது 1895-ல். வடக்கு இங்கிலாந்தின் மில்களிலும் சுரங்கங்களிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆடப் போனால் கூலி போய்விடும். அதை ஈடுகட்டக் கிளப்புகள் பணம் தரவேண்டும் என்று கேட்டார்கள், மேலிடம் மறுத்தது. வடக்கத்திய கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடித் தனியாகப் பிரிந்தன. இன்றைக்கும் இது உழைப்பாளி ஊர்களின் ஆட்டம்தான். பந்து கையில் இருக்கும் அணிக்கு ஆறு பிடிகள்வரை வாய்ப்பு, அப்புறம் பந்து எதிரணிக்குப் போய்விடும். கபடியில் ரெய்டருக்கு நான்கு பேர் சேர்ந்து பிடி போடுவார்களே, ஏறக்குறைய அதேபோல்தான் ஒவ்வொரு முறையும் மடக்கிக் கீழே தள்ளுவார்கள். முன்வரிசை ஆட்கள் பலரும் 100 கிலோவைத் தாண்டியவர்கள்.

அந்த ஆட்டத்தில் பரோவின் உயரம் 5 அடி 5 அங்குலம். ரக்பி லீகின் மேல்மட்டப் போட்டியான சூப்பர் லீகிலேயே மிகச் சிறிய ஆள் என்று பல வருஷம் பெயர். பான்டிஃப்ராக்டில் பிறந்து, ஃபெதர்ஸ்டன் லயன்ஸ் என்ற உள்ளூர் கிளப்பில் சிறுவனாக ஆடி, 2001-ல் லீட்ஸ் அணிக்கு வந்தார். வேறு எந்தக் கிளப்புக்கும் போகவில்லை. 492 ஆட்டங்கள், 8 கிராண்ட் ஃபைனல் (சூப்பர் லீகின் இறுதி ஆட்டம்) வெற்றிகள், முதுகில் 7-ம் எண்.

லீட்ஸ் ரசிகர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் 2011 கிராண்ட் ஃபைனலுக்கு வந்து நிற்பார். அந்த வருஷம் லீட்ஸ் புள்ளிப் பட்டியலில் ஐந்தாவதாக முடித்த அணி, யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஓல்டு டிராஃபோர்டில் செயின்ட் ஹெலன்ஸுடன் ஆட்டம். பரோ பந்தை எடுத்து, பாய்ந்து வந்தவரின் கைக்கு அடியில் குனிந்து நழுவி, அடுத்தவர்களையும் தாண்டி, கடைசியில் நின்ற பால் வெலன்ஸையும் ஏமாற்றிவிட்டு ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தார். லீட்ஸ் 32-16 என்று ஜெயித்தது. ஆட்டநாயகனுக்கான ஹாரி சண்டர்லேண்ட் கோப்பை அவருக்கு, இரண்டாவது முறையாக. பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைச் சொல்லும்போது நாற்காலியிலிருந்து எழுந்து குனிந்து காட்டுவார். அவருடைய முழங்காலுக்கு அது நல்லதில்லை என்று மனைவி திட்டுவார்.

2019 டிசம்பரில் பரோவுக்கு மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தது. அப்போது வயது 37. லீட்ஸ் அணியின் இளையோருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். பேச்சு குழறியதுதான் முதலில் தெரிந்த அறிகுறிகளில் ஒன்று. தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய் இது. கை, கால், நாக்கு, விழுங்குவது, கடைசியில் மூச்சு என்று போய்க்கொண்டே இருக்கும். பலருக்குச் சிந்தனை மட்டும் தெளிவாகவே இருக்கும். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்தது இந்த நோய்தான். முழுக்கக் குணப்படுத்த மருந்து கிடையாது. பரோவுக்கு ஒன்றிரண்டு வருஷம் என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள், அவர் நாலரை வருஷம் இருந்தார்.

இங்கேதான் ரசிகர்கள் செய்த முதல் காரியம் வருகிறது. 2020 ஜனவரி 12, ஹெடிங்லியில் பிராட்ஃபோர்ட் புல்ஸ் அணியுடன் ஒரு மரியாதை ஆட்டம். (நம் ஆட்களுக்கு ஹெடிங்லி டெஸ்ட் கிரிக்கெட்டால் தெரிந்த பெயர். ஒரே ஸ்டாண்டின் ஒரு பக்கம் உட்கார்ந்தால் கிரிக்கெட், மறுபக்கம் உட்கார்ந்தால் ரக்பி.) பரோவின் பழைய தோழர் ஜேமி ஜோன்ஸ்-புக்கனனுக்காக ஏற்பாடாகியிருந்த ஆட்டம், இருவருக்குமானதாக மாறியது. டிக்கெட் அத்தனையும் விற்றுப்போனது. பழைய சகாக்கள் பலர் மறுபடி சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்கள். பரோவும் கடைசிச் சில நிமிடங்கள் களத்தில் இறங்கினார். எதிரணி பிராட்ஃபோர்ட், லீட்ஸ்காரர்களின் ஜென்மப் பகையாளி. அவர்களும் எழுந்து நின்று தட்டினார்கள்.

அதை அவரால் நின்று பார்க்க முடிந்தது, காதால் கேட்க முடிந்தது, குழறினாலும் நன்றி சொல்ல முடிந்தது. இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சை ஆள் உயிரோடு, பதில் சொல்லும் நிலையில் இருக்கும்போதே பேசிவிடுவது. நம் வீடுகளில் ‘அப்படியெல்லாம் செய்தால் அபசகுனம், அவருக்கே நம்பிக்கை போய்விடும்’ என்று தயங்குவோம். நானும் அப்படி நினைத்து வளர்ந்தவன்தான். ஆனால் தன் நிலை என்ன என்பது அவருக்குத் தெரியாதா என்ன? நாம் சொல்லாமல் இருப்பதால் தெரியாமல் போய்விடாது.

அடுத்தது கெவின் சின்ஃபீல்ட். பரோவின் கேப்டன், நெருங்கிய நண்பர். 2020 டிசம்பரில் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார், 7-ம் எண்ணுக்காக. வைத்த இலக்கு 77,777 பவுண்டு. வந்து சேர்ந்தது 20 லட்சம் பவுண்டுக்கு மேல். 2021-ல் லெஸ்டரிலிருந்து லீட்ஸ்வரை 101 மைலை 24 மணி நேரத்தில் கடந்தார். 2022-ல் எடின்பரோவிலிருந்து மான்செஸ்டர்வரை ஏழு நாள், ஒவ்வொரு நாளும் மாரத்தானைவிட அதிக தூரம்.

2023 மே 14 அன்று பரோவின் பெயரில் லீட்ஸ் மாரத்தான். சின்ஃபீல்ட் சக்கர நாற்காலியில் பரோவை வைத்து 26 மைலும் தள்ளிக்கொண்டு ஓடினார். எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, பரோவைக் கையில் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். பரோவின் மனைவி லிண்ட்ஸியும் அன்றைக்கு முழு மாரத்தான் ஓடி முடித்தார். பிசியோதெரபிஸ்ட் வேலை, மூன்று பிள்ளைகள், கணவருக்குப் பணிவிடை, இவற்றுக்கு நடுவில் எப்போது பயிற்சி எடுத்தாரோ தெரியவில்லை. படத்தில் எல்லோரும் சின்ஃபீல்டைத்தான் பார்க்கிறார்கள். என் ஓட்டு லிண்ட்ஸிக்கு.

நாங்கள் அன்று சாலையோரத்தில் ஆரஞ்சுச் சுளையும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இனி, இறந்த பிறகு நடந்தது. செய்தி வந்த மறுநாளே ஹெடிங்லி வாசலில் பூவும் சட்டையும் மஃப்ளரும் குவிய ஆரம்பித்தன. பக்கத்து வீட்டம்மா வேலைக்குப் போகும் வழியில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போவதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொன்னார். அவற்றை அப்படியே தருகிறேன், எந்த ஊரிலும் உதவும்.

பூங்கொத்தைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக் காகிதத்தைப் பிரித்துவிட்டு வைக்கவேண்டும். இல்லையென்றால் மழை பெய்ததும் உள்ளே தண்ணீர் தேங்கிப் பூ அழுகிவிடும், அப்புறம் அள்ளிப்போடுபவருக்கும் சிரமம். அட்டையில் எழுதுவதானால் பால்பாயின்ட் பேனா அல்லது பென்சில். மை கரைந்தால் ஒரு எழுத்தும் மிஞ்சாது. திரும்ப வேண்டும் என்று நினைக்கும் எதையும் வைக்கக்கூடாது. பக்கத்து வீட்டம்மா பத்து வருஷம் போட்டுத் தேய்ந்த ஒரு சட்டையை வைத்தார். நல்லதாக இருந்த இன்னொன்றை வைக்கவில்லை, அது பேரனுக்காம்.

அங்கே நான் கவனித்தது மற்ற அணிகளின் சட்டைகளை. பிராட்ஃபோர்ட், செயின்ட் ஹெலன்ஸ், வேக்ஃபீல்ட், ஹல். சட்டைமேலேயே மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார்கள். 2011 இறுதி ஆட்டத்தில் உன்னால் என் அப்பா டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார், இன்னும் மன்னிக்கவில்லை என்கிற ரீதியில் ஒரு செயின்ட் ஹெலன்ஸ் ரசிகர் எழுதியிருந்தார். நின்று படித்த எல்லோரும் சிரித்தார்கள். மரண வாசலில் சிரிக்கலாமா என்றால், இங்கே சிரிக்கலாம்.

இரங்கல் புத்தகமும் திறந்திருந்தார்கள். வரிசை நீளமாக இருந்தது. என் முறை வந்தால் என்ன எழுதுவது என்று யோசனை. ஆட்டத்தைப் பார்த்தவன் இல்லை, வெளியூரான். அந்தம்மா சொன்ன யோசனை: இந்தப் புத்தகத்தை ஒருநாள் பரோவின் பிள்ளைகள் படிப்பார்கள், அவர்களுக்கு ‘ஆன்மா சாந்தியடையட்டும்’ என்று ஆயிரம் தடவை படிக்க என்ன இருக்கிறது, அவர்கள் அறியாத ஏதாவது ஒன்றை எழுது. நான் மாரத்தான் அன்று அவர்கள் அப்பா எங்கள் தெருமுனையைக் கடந்ததும் என் பக்கத்தில் நின்ற அறுபது வயது போஸ்ட்மேன் தொப்பியைக் கழற்றியதை எழுதினேன். மூன்று வரி. அதற்குப் பிறகு நம் ஊரில் யார் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஃபோன் போட்டாலும் இதைத்தான் செய்கிறேன். இறந்தவரைப் பற்றி அந்த வீட்டாருக்குத் தெரியாத ஒரு சின்னச் சம்பவம். எதிர்முனையில் குரல் மாறுவது தெரியும்.

அந்த வாரமே வெம்ப்ளியில் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம், விகனுக்கும் வாரிங்டனுக்கும். மூன்று மணிக்குத் தொடங்குவதற்குப் பதிலாக 3:07-க்குத் தொடங்கினார்கள். ஹெடிங்லியில் அடுத்த ஆட்டத்துக்கு நாங்கள் போனோம். இறந்தவருக்காக மௌனமாக நிற்பதைவிட, இவர்கள் எழுந்து நின்று கைதட்டுவது எனக்குப் பிடிக்கும். மௌனத்தில் யாராவது இருமுவார்கள், ஃபோன் அடிக்கும், கைக்குழந்தை அழும், எல்லோரும் முறைப்பார்கள். கைதட்டலில் குழந்தையும் சேர்ந்து தட்டும்.

ஜூலை 7-ம் தேதி இறுதிச் சடங்கு. ஏழாம் மாதம் ஏழாம் நாள், தெரிந்தே வைத்தது. சடங்கு குடும்பத்தாருக்கு மட்டும், ஆனால் வண்டி அவர் சிறுவனாக ஆடிய ஃபெதர்ஸ்டன் லயன்ஸ் மைதானத்தைத் தாண்டிப் போகும், வழியனுப்ப விரும்புபவர்கள் அங்கே வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஃபெதர்ஸ்டன் பழைய நிலக்கரி ஊர், சின்ன ஊர். எங்கே பார்த்தாலும் விதவிதமான அணிச் சட்டைகள். கறுப்பு உடை அதிகம் இல்லை. தகனக் கூடத்தின் பக்கம் போகவேண்டாம், அது அவர்கள் இடம் என்று பெரியவர் முன்கூட்டியே எனக்குச் சொல்லிவிட்டார். வண்டி தூரத்தில் வரும்போது பலர் ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டார்கள். தட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டுமே. இது ஒரு பெரிய பிரமுகரின் ஊர்வலம் மாதிரி நடக்கவில்லை. தள்ளுமுள்ளு இல்லை, மாலை இல்லை, மைக் இல்லை. வண்டி போனதும் எல்லோரும் கிளப் பக்கம் நடந்தார்கள், கதை பேச.

கதைக்கு நடுவில் ஒரு கேள்வியும் வந்துகொண்டே இருந்தது. இந்த மோதலாட்டம்தான் நோயைக் கொண்டுவந்ததா? ரக்பி யூனியன் ஆடிய ஸ்காட்லாந்தின் டாடி வியர் இதே நோயில் 2022-ல் இறந்தார். பரோவுக்கு நோய் தெரிந்த உடனே வந்து பார்த்துத் தைரியம் சொன்னவர் அவர். தென்னாப்பிரிக்காவின் யூஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹைசனும் இதில்தான் போனார். முன்னாள் ஸ்காட்லாந்து சர்வதேச வீரர்களை வைத்து 2022-ல் கிளாஸ்கோவில் வந்த ஆய்வு, அவர்களுக்கு இந்நோய் அதிகம் என்றது, ஆனால் கணக்கில் வந்த ஆட்கள் மிகக் கொஞ்சம். நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பந்தையே தொடாதவர்கள். ரசிகர்கள் பிள்ளைகளை விளையாட விடுவதா என்று வாதாடினார்கள், முடிவுக்கு வரவில்லை. நானும் வரவில்லை.

பரோவின் கதையில் எனக்கு நேரடியாகப் பயன்பட்டது குரல் விஷயம். அவரால் பேச முடியாமல் போனபிறகு, கண் அசைவால் இயங்கும் கம்ப்யூட்டர் மூலம் பேசினார். திரையில் எழுத்தைப் பார்த்தால் போதும், கேமரா கண் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடும். வந்த குரல் அவருடையது, யார்க்ஷயர் வாடையோடு. பேச்சு இருக்கும்போதே குரலைப் பதிவு செய்து வைத்ததால் முடிந்தது. இதற்குப் பெயர் வாய்ஸ் பேங்கிங்.

இங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரு திருச்சிக் குடும்பத்தில், மகளோடு வந்து தங்கியிருந்த அப்பாவுக்கு இதே நோய் என்று தெரியவந்தபோது, பரோவின் செய்திகளைப் பார்த்திருந்ததால் மகள் முதல் வாரத்திலேயே குரலைப் பற்றிக் கேட்டார். ஆங்கிலத்துக்கு வசதி தயாராக இருந்தது. திரையில் தெரியும் வாக்கியங்களை வாசித்தால், குரலைச் செயலி கற்றுக்கொள்ளும். அப்பாவின் தமிழுக்கு அவர்களுக்கு அப்படி எதுவும் சரியாக அமையவில்லை. சிகிச்சையாளர் வேறு வழி சொன்னார்: அவர் தினமும் சொல்லும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக ஃபோனில் பதிவு செய்து, தனித்தனிப் பெயரில் சேமித்து, பிறகு திரையில் பொத்தான்களாக வைத்துவிடலாம். எந்த மொழிக்கும் இது ஓடும்.

பட்டியல் போட உட்கார்ந்தபோது எல்லோரும் முதலில் எழுதியது ‘தண்ணீர் வேண்டும்’, ‘வலிக்கிறது’ வகை. அதை யார் குரலில் கேட்டாலும் ஒன்றுதான். பதிவு செய்யவேண்டியது வேறு. ‘சாப்பிட்டியாம்மா?’, பேரனைக் கூப்பிடும் ‘டேய் ராஸ்கல்’, ‘இந்த அம்பயருக்குக் கண்ணு தெரியலடா’, பூஜை முடிந்ததும் முனகும் நாலு வரி, அந்தச் செருமல், அந்தச் சிரிப்பு. அப்பா கொஞ்சம் கெட்ட வார்த்தைகளும் சேர்க்கச் சொன்னார், அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு. சில நடைமுறைகள்: காலையில், குரல் களைக்காதபோது, சிறிது சிறிதாகப் பதியவேண்டும். மின்விசிறியை அணைக்கவேண்டும். கோப்புகளை இரண்டு இடத்தில் வைக்கவேண்டும். குழறல் தொடங்கிவிட்டாலும் விட்டுவிடாமல் பதியலாம், அதுவும் அவர் குரல்தான்.

பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த மகள் சொல்வது. கண்ணால் எழுத நேரம் எடுக்கும், காத்திருங்கள், வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். கேள்வியை அவரிடம் கேளுங்கள், பக்கத்தில் நிற்கும் மகளிடம் அல்ல. காது நன்றாகக் கேட்கும், கத்தவேண்டாம். ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் அந்த வீட்டார் யாரும் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள். ‘வியாழக்கிழமை சாயங்காலம் நான் வந்து உட்கார்றேன், நீங்க வெளியே போய்ட்டு வாங்க’ என்றால் அது உதவி. குழாய் வழியே உணவு கொடுப்பது பற்றி டாக்டர் பேச்செடுத்தால் பயந்து தள்ளிப்போடாமல் கேளுங்கள். மூச்சுத் தசைகள் பலவீனமாகும் முன்னால் செய்வதுதான் எளிது என்பதால்தான் சீக்கிரமே பேசுகிறார்கள்.

பரோ இறந்த மறுநாள், ஜூன் 3 அன்று, லீட்ஸின் சீக்ராஃப்ட் மருத்துவமனையில் அவர் பெயரிலான சிகிச்சை மையத்துக்கு முதல் மண் வெட்டினார்கள். 68 லட்சம் பவுண்டு திரட்டும் முயற்சி அது. தள்ளிப்போட்டிருக்கலாம், யாரும் தப்பாக நினைத்திருக்கமாட்டார்கள். குடும்பம்தான் நடத்தச் சொன்னது. கிராண்ட் ஃபைனலின் ஆட்டநாயகன் விருதுக்கும் 2024 முதல் அவர் பெயர்தான். முதலில் வாங்கியவர் விகனின் பெவன் ஃப்ரெஞ்ச். விருதின் பெயரை மாற்றியது சரியா, ஹாரி சண்டர்லேண்ட் என்ன பாவம் செய்தார் என்று பக்கத்து வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் இன்னமும் சண்டை.

சரி, ஆரஞ்சு விஷயம். லீட்ஸ் மாரத்தானுக்கு மே மாதத்தில் யாராவது சாலையோரம் நிற்கப் போகிறீர்கள் என்றால்: ஆரஞ்சைத் தோலோடு நாலாக வெட்டுங்கள், உரித்த சுளை கையில் நசுங்கும். உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்து நீட்டுங்கள், விரலால் பிடித்தால் ஓடுகிறவரால் பிடுங்க முடியாது. வாழைப்பழம் வேண்டாம், தோல் சாலையில் விழும். ஓட்லிப் பக்கம் போய்த் திரும்பி வரும் ஏற்றத்தில் நில்லுங்கள், எல்லைக்கோட்டருகே கத்துவதற்குத்தான் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்களே. நெஞ்சில் ஒட்டியிருக்கும் எண் அட்டையில் பெயர் இருக்கும், அதைச் சொல்லிக் கத்துங்கள். முதல் ஆயிரம் பேர் யாருடைய உதவியும் கேட்கமாட்டார்கள். ஆகவே மத்தியானச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். கடைசியில் நடந்து வருகிறவர்கள்தான் ஆரஞ்சைக் கேட்டு வாங்குவார்கள்.